சோழநாட்டுச் சைவ ஆதீனங்கள்: முரண்பாடும் ஒத்துழைப்பும்

முன்னுரை

காவிரிப் படுகையின் சமய, இலக்கிய வரலாற்றில் திருவாவடுதுறை, தருமபுரம் ஆகிய ஆதீனங்களும் திருப்பனந்தாள் காசித் திருமடமும் சிறப்பிடம் பெறுவன. ஒருங்கிணைந்த பழைய தஞ்சை மாவட்டத்தில் அமைந்த இம்மூன்றும் சைவ சித்தாந்தத்தையே போற்றுவன. எனினும் உரைமறுப்பும் உரிமை வழக்கும் நிறைந்த சூழலில் வளர்ந்தன. அம்முரண்பாடுகள் எத்தளத்தில் நிகழ்ந்தன, எதனைத் தொடவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பொது மரபும் தனி மரபும்

மெய்கண்டார், அருணந்தி சிவம், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவம் ஆகிய நால்வரையும் புறச்சந்தான குரவர் என்பர். இரு ஆதீனங்களும் தம் குருமரபை உமாபதி சிவத்தின் வழியே காட்டுகின்றன. அவருக்குப் பின் மரபு கிளைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஒரு கிளையில் வந்த நமசிவாய மூர்த்திகள் திருவாவடுதுறையையும், திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசரின் மாணாக்கரான குருஞானசம்பந்தர் தருமபுரத்தையும் நிறுவினர்.

நூல்மரபிலும் இவ்வமைப்பைக் காணலாம். பன்னிரு திருமுறையும் மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் இரண்டுக்கும் பொது. அவற்றுக்கு அடுத்த நிலையில் திருவாவடுதுறைக்குப் பண்டார சாத்திரங்களும், தருமபுரத்துக்குக் குருஞானசம்பந்தரின் சிவபோகசாரம், முத்தி நிச்சயம் முதலியனவும் உரியன. எனவே கிளைகளின் தனித்தன்மை மூலநூலில் இல்லை. அதனை விளக்கும் வழிநூல்களிலேயே உள்ளது.

உரைப்போர்

திருவாவடுதுறை மரபில் வந்த சிவஞான முனிவர் (மறைவு 1785) மறுப்பு நூல் வகையை உச்சத்திற்குக் கொண்டு சென்றவர். சிவஞான சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் வரைந்த உரையைச் ‘சிவசமவாத உரை மறுப்பு’ கண்டிக்கிறது. ‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டவே அவர் ‘வைரக் குப்பாயம்’ என்னும் நூலை எழுதினார். ‘சித்தாந்த மரபு கண்டன கண்டனம்’ என்ற தலைப்போ, கண்டனத்திற்கு மறுகண்டனம் எழுந்த நிலையைக் காட்டுகிறது. இங்கு ஒன்று கருதத்தக்கது: மறுக்கப்பட்டவரும் அதே சித்தியாருக்கே உரை கண்டவர். மூலநூலின் அதிகாரத்தை இரு தரப்பும் ஏற்றதனாலேயே ஒரு சொல்லின் பொருள் இத்துணை முதன்மை பெற்றது.

உரிமைப்போர்

உரைப்போரினின்றும் வேறானது உரிமைப்போர். மடத்தின் தலைமை ஞானத் தலைமை மட்டுமன்று; நன்செய் நிலங்கள், கோயில்கள், கட்டளைகள் ஆகியவற்றின் ஆட்சியும் அதில் அடங்கும். திருவிடைமருதூர்க் கோயில் திருவாவடுதுறையின் ஆளுகையிலும், அதனை அடுத்துள்ள திருபுவனம் கோயில் தருமபுரத்தின் ஆளுகையிலும் இருப்பது இவ்வதிகாரங்கள் எத்துணை நெருங்கி அமைந்தன என்பதற்குச் சான்று.

தருமபுரத்து மாசிலாமணி தேசிகரின் மாணாக்கரான குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசியில் மடம் நிறுவினார். அம்மடத்தின் தலைமையிடம் பின்னர்த் திருப்பனந்தாளுக்கு மாறியது. தாய்மடம், கிளைமடம் என்ற உறவு 19ஆம் நூற்றாண்டில் வழக்காயிற்று. தருமபுரம் பண்டாரசந்நிதிக்கும் கந்தசாமித் தம்பிரானுக்கும் இடையிலான அவ்வழக்கின் தீர்ப்பு 1887ஆம் ஆண்டுச் சென்னைச் சட்ட அறிக்கைத் தொகுதியில் இடம்பெற்றது. குருசீட உறவாக நிலவியதைச் சட்ட உறவாக வரையறுக்க வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது.

ஒத்துழைப்பின் தளம்

வழக்கால் பிரிந்தவை நூலால் இணைந்திருந்தன. சிவஞான போதத்தை ஆழ்ந்து கற்போர் எம்மடத்தினராயினும் சிவஞான முனிவரின் மாபாடியத்தைக் கடந்து செல்ல இயலாது. குமரகுருபரரின் பிள்ளைத்தமிழும் ஒரு மடத்தின் உடைமையாக நின்றுவிடவில்லை. திருமுறைகளையும் சாத்திரங்களையும் அச்சேற்றும் பணியில் மூன்று மடங்களும் ஈடுபட்டன. துறவியரும் மடம் கடந்தனர்: தருமபுரத்தில் தம்பிரானாக இருந்தவரே பின்னர்க் குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவராகிக் குன்றக்குடி அடிகளார் எனப் புகழ்பெற்றார்.

முடிவுரை

இவ்வாதீனங்களின் முரண்பாடு உரைத்தளத்திலும் உடைமைத்தளத்திலும் நிகழ்ந்தது; மூலநூல் தளம் பொதுவாகவே நின்றது. இவ்விரு பூசல்களையும் வேறுபடுத்தாது நோக்கின், சொற்பொருள் விவாதம் வெறும் மடப்பகையாகவும், சொத்து வழக்கு கொள்கைப் பிளவாகவும் தோன்றிவிடும். மறுப்பு நூல்களை மறுக்கப்பட்ட உரையோடும், மட வரலாறுகளை நீதிமன்ற ஆவணங்களோடும் இணைத்துப் பயிலும்போதே சோழநாட்டுச் சைவத்தின் அறிவு வரலாறு முழுமை பெறும்.