சோறும் சூழலும் – 14: ஞாயிற்றுக்கிழமை அளவு

எங்கள் வீட்டில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். விடிந்ததும் அப்பா மஞ்சள் பையோடு கிளம்பிவிடுவார். அரைக் கிலோ ஆட்டுக்கறி, எலும்பும் சேர்த்து. வீட்டில் ஆறு பேர். அம்மா அதில் முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் போட்டுக் குழம்பைப் பெருக்குவார். ஆளுக்கு நாலு துண்டு விழும். மிச்சக் குழம்பு ராத்திரி இட்லிக்கு. திங்கட்கிழமை முதல் பருப்பு, கீரை, புளிக்குழம்பு, எப்போதாவது முட்டை. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளின் கணக்கு இதுதான்.

இன்று அதே தெருவில் வாரத்துக்கு நான்கு நாள், ஐந்து நாள் கவிச்சி. நடுவில் வந்தது கறிக்கோழி. 1990களில் பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஒப்பந்தப் பண்ணை முறை வேரூன்றியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்தால் கூலி. நாட்டுக்கோழி கறிக்குத் தயாராக ஐந்தாறு மாதம் ஆகும். கறிக்கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஆட்டுக்கறி விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைப்பதால், விருந்தாளிக்கு என்றிருந்த கோழி அன்றாடச் சாப்பாடாகிவிட்டது.

மலிவு என்கிறோமே, அது எதைத் தின்று வளர்கிறது? மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு. இரண்டு கிலோக் கோழி அதற்குள் மூன்றே கால் கிலோவுக்குக் குறையாமல் தீவனம் தின்றிருக்கும். கடையில் உரித்து வெட்டினால் கைக்கு வருவது ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. ஆக, ஒரு கிலோ கறிக்கு இரண்டரைக் கிலோ அளவுக்குத் தானியமும் புண்ணாக்கும் போகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மனிதர் வயிற்றுக்குப் போவதில்லை, தீவன ஆலைக்குத்தான் போகிறது. அந்த நிலம், அந்தத் தண்ணீர், அந்த உரம் எல்லாமே கோழியின் விலையில் இருக்கின்றன. பில்லில்தான் வருவதில்லை.

இன்னொன்றும் பில்லில் வராது. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் பலிக்காத கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் கோலிஸ்டின். அதை இந்தியப் பண்ணைகளில் கோழி வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி பண்ணையில் உருவானால் பண்ணையோடு நிற்காது. ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரும்.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறியின் கணக்கு வேறு. அசைபோடும் பிராணிகளின் இரைப்பையில் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதரால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. ஆனாலும் மானாவாரிக் காட்டில் கிடை போட்டு, மனிதர் தின்ன முடியாத புல்லையும் முள்செடியையும் கறியாக்கித் தரும் ஆட்டுக்காரரை இதில் குற்றவாளியாக்க என் மனம் ஒப்பவில்லை.

உடம்புக்கு வருவோம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த பிரிவில் வைத்தது. பிறகு 2019இல் ஈட்-லான்செட் ஆணையம், மனித உடம்புக்கும் பூமிக்கும் தாங்கும் அளவு எது என்று கணக்குப் போட்டது. ஒருவருக்கு வாரத்துக்குச் சிவப்பு இறைச்சி ஏறக்குறைய 100 கிராம், கோழி 200 கிராம். படித்தபோது எனக்கு அப்பாவின் மஞ்சள் பைதான் நினைவுக்கு வந்தது. அரைக் கிலோ, ஆறு பேர்: ஆளுக்கு எண்பது கிராம் சொச்சம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் 'கறியைக் குறை' என்று யாராவது சொன்னால் உடனே சாதி வாடை அடிக்கும். காரணம் இல்லாமல் இல்லை. கறி தின்பவர் தாழ்ந்தவர் என்று காலகாலமாகச் சொல்லி அவமதித்திருக்கிறார்கள். நான் பேசுவது சுத்தத்தைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி. கறி நம் பழைய உணவு. கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கிய கதையைப் பொருநராற்றுப்படையில் பொருநன் சொல்கிறான். வள்ளுவரும் புலால் மறுத்தலை இல்லறவியலில் வைக்கவில்லை, துறவறவியலில்தான் வைத்தார். நான் கேட்பது துறவும் அல்ல.

எல்லோரிடமும் கேட்கவும் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்கள் தட்டிலிருந்து ஈரலையும், பிள்ளைகளின் சத்துணவுத் தட்டிலிருந்து முட்டையையும் எடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் நான் எதிர்ப்பேன். வாரத்தில் ஐந்து நாள் பிரியாணியும் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவும் சாப்பிடும் வசதியான நகரத்து வீடுகளிடம்தான் கேட்கிறேன்.

அவர்களால் முடியும் என்பதற்குப் புரட்டாசியே சாட்சி. அந்த மாதம் பிறந்தால் கறிக்கடைகளில் கூட்டம் குறைகிறது, பல்லடத்தில் கோழி விலை இறங்குகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் நாற்பத்தொரு நாள் கவிச்சி தொடுவதில்லை. தவக்காலத்தில் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் கறியை விடுகின்றன. சமைக்கவும் நமக்குத் தெரியாததில்லை. கறி மசாலாவில் மொச்சை, பலாக்காய், சேனை, காளான், கொள்ளு ரசம், அவசரத்துக்கு மீல் மேக்கர்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். இந்த வாரம் வீட்டில் கவிச்சி சமைத்த நாள்களையும், வெளியே சாப்பிட்ட நாள்களையும் நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அடுத்த வாரம் அதில் இரண்டு வட்டங்களைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தொடாதீர்கள்.

(தொடரும்)