பாலே பயிலும் பிள்ளைகள்: உடல் வளரும் வயதில் பொறுமை தேவை

தொடக்கநிலை 6 என்றாலே சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு பிஎஸ்எல்இ தேர்வுதான் முதலில் நினைவுக்கு வரும். பாலே நடனம் பயிலும் பிள்ளை உள்ள வீட்டில் அதே ஆண்டில் இன்னும் மூன்று விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. கலைப்பள்ளியில் சேர விரும்பினால் அதற்கான தேர்வுச் சுற்றுகள் வருகின்றன. கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் காலணியை எப்போது வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. பெண் பிள்ளைகளின் உடல் மிக வேகமாக வளர்வதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

இவை எல்லாம் ஒன்றாக வரும்போது பெற்றோர் குழம்புவது இயல்பு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினால், பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று சிலர் நினைக்கின்றனர். ஆர்வம் போய்விட்டது என்று முடிவுசெய்து வேறு சிலர் வகுப்பையே நிறுத்திவிடுகின்றனர். இரண்டினாலும் நட்டம் பிள்ளைக்குத்தான். வளரும் உடலில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் காலகட்டத்தைப் பதற்றமின்றிக் கடக்கலாம்.

எங்கே பயிலலாம்?

சிங்கப்பூரில் பாலே புதிதல்ல. சிங்கப்பூர் பாலே அகாடமி 1958ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அங்கு பயின்ற கோ சூ கிம் பின்னர் ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் படித்துத் திரும்பினார். அவரும் ஆண்டனி தென்னும் சேர்ந்து 1988ல் சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்ற தொழில்முறைக் குழுவை அமைத்தனர். அந்தக் குழு 2021ல் ‘சிங்கப்பூர் பாலே’ என்று பெயர் மாறியது. கோ சூ கிம்மின் தம்பி கோ சூ சான் அமெரிக்காவின் வாஷிங்டன் பாலே குழுவுக்கு நடனங்களை அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

பெரும்பாலான பிள்ளைகள் குடியிருப்புப் பேட்டைக்கு அருகிலுள்ள தனியார் நடனப் பள்ளிகளிலோ சமூக மன்ற வகுப்புகளிலோ தொடங்குகின்றனர். பல பள்ளிகள் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. 1920ல் லண்டனில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் தேர்வுகளில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, முதல் நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை செல்லும் பொதுவான பாதை. மற்றொன்று, நடனத்தைத் தொழிலாக எண்ணிப் பார்க்கும் மாணவர்களுக்கான கடினமான பாதை. பாயின்ட் பயிற்சி முக்கிய இடம் பிடிப்பது இந்த இரண்டாவது பாதையில்தான்.

ஒரு பிள்ளை எந்தப் பாதையில் செல்கிறது என்பதைப் பெற்றோர் ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வாரம் ஒருமுறை மகிழ்ச்சிக்காக ஆடும் பிள்ளைக்கும் வாரம் நான்கு நாள் பயிலும் பிள்ளைக்கும் எதிர்பார்ப்புகள் ஒன்றாக இருக்க முடியாது.

கலையை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு, சோட்டா என அழைக்கப்படும் சிங்கப்பூர் கலைப்பள்ளி ஒரு வாய்ப்பு. 2008ல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளியில் 13 வயது முதல் 18 வயது வரை, ஆறு ஆண்டுகளுக்குப் பாடங்களோடு கலைப் பயிற்சியும் வழங்கப்படுகிறது. நடனம் அங்குள்ள கலைத்துறைகளில் ஒன்று. சேர விரும்பும் மாணவர்கள் பொதுவாகத் தொடக்கநிலை 6ல் விண்ணப்பிக்கின்றனர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நன்யாங் நுண்கலைக் கழகத்திலும் லாசால் கலைக் கல்லூரியிலும் நடனத்தில் பட்டயக் கல்வி பயிலலாம்.

இந்த வழிகள் எதிலும் 12 வயதில் வாய்ப்பு கைநழுவிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிலை இல்லை. குறிப்பாக, ஆண் பிள்ளைகள் பலர் தாமதமாகவே பாலேக்கு வருகின்றனர். அவர்களின் குடும்பங்கள் 18 வயதையொட்டி வரும் தேசிய சேவையையும் கருத்தில்கொண்டு மேற்படிப்பைத் திட்டமிட வேண்டியிருக்கும்.

உடல் வளரும்போது நடனம் ஏன் தடுமாறுகிறது?

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11 அல்லது 12 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கின்றனர். அப்போது ஓராண்டில் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் கூடலாம். ஆண் பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய ஈராண்டு தள்ளி, 14 வயதை ஒட்டி நிகழ்கிறது. ஒரே வகுப்பில் உள்ள இரு பிள்ளைகளுக்கு இடையே கூட இந்த வளர்ச்சி சில ஆண்டுகள் முன்பின்னாக அமையலாம்.

கை கால் எலும்புகள் முதலில் நீள்கின்றன. தசைகளும் தசைநாண்களும் அதற்கு ஈடுகொடுக்கச் சற்றுக் காலம் எடுக்கிறது. இதனால் தொடையின் பின்பகுதியும் கெண்டைக்காலும் இறுகிவிடுகின்றன. சென்ற ஆண்டு எளிதாகத் தலைக்கு மேல் தூக்கிய கால் இந்த ஆண்டு இடுப்பளவுக்கு வரவே சிரமப்படும். கால் நீண்டு, உடல் எடைப் பகிர்வும் மாறுவதால் சுழலும்போது சமநிலை தவறும். மூளை புதிய உடல் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வளரும் எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான மென்மையான பகுதிகள் உள்ளன. தசைநாண்கள் அவற்றுக்கு அருகே பிடித்து இழுப்பதால் இரண்டு இடங்களில் வலி அடிக்கடி தோன்றுகிறது. ஒன்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் முன்பக்கம். மற்றொன்று, குதிகாலின் பின்பக்கம். அதிகமாகக் குதிக்கும் பிள்ளைகளுக்கு இவை கூடுதலாக வரும்.

எனவே, வேகமாக வளரும் மாதங்களில் பயிற்சியின் தன்மையை மாற்றுவதே சரியான வழி. குதித்தாடும் பயிற்சிகளைக் குறைக்கலாம். காலை வலுக்கட்டாயமாக விரித்து நீட்டுவதைத் தவிர்க்கலாம். இடுப்பு, வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்துவதற்கும் இசையோடு ஒன்றி ஆடுவதற்கும் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில், பிள்ளையின் உயரத்தை அளந்து தேதியுடன் குறித்து வைக்கலாம். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தால் பிள்ளை வேகமாக வளர்கிறது என்று பொருள். அதை நடன ஆசிரியரிடம் தெரிவித்தால் அவர் பயிற்சியை அதற்கேற்ப அமைப்பார். பிள்ளைக்கும், “உன் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, உன் கால் வளர்கிறது” என்று புரியவைக்கலாம். இந்த ஒரு விளக்கம் இல்லாததால் தன்னம்பிக்கை இழந்து நடனத்தைக் கைவிடும் பிள்ளைகளும் உண்டு.

நொண்டி நடப்பது, வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஓய்வெடுத்தும் குறையாத வலி ஆகியவை இருந்தால் காத்திருக்கக்கூடாது. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுவது அவசியம்.

பாயின்ட் காலணி எப்போது?

பாலே பயிலும் சிறுமிகளின் பெரிய கனவு பாயின்ட் காலணி. தோழி வாங்கிவிட்டாள் என்பதற்காக அதை வாங்கக்கூடாது. அந்தக் காலணியின் முனை துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கிச் செய்யப்படுகிறது. அது காலுக்குத் தாங்கல் தரும். ஆனால், உடலை உயர்த்தி நிறுத்த வேண்டியது ஆடுபவரின் தசைகள்தான்.

நடன மருத்துவத்துக்கான அனைத்துலகச் சங்கம் இதற்கு வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டுள்ளது. வயது மட்டுமே அளவுகோல் ஆகாது என்பது அதன் முதன்மைக் கருத்து. எட்டு வயதிலிருந்து வாரம் இருமுறையாவது முறையாகப் பயின்று, உடலமைப்பும் ஏற்றதாக இருக்கும் பிள்ளை 12 வயதளவில் தொடங்கலாம். வாரம் ஒருமுறை மட்டும் பயில்பவர்களுக்கும் நடனத்தைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் பாயின்ட் பயிற்சியை அது ஊக்குவிக்கவில்லை.

நல்ல ஆசிரியர்கள் முதலில் சிலவற்றைச் சோதிப்பார்கள். பாதத்தை நீட்டும்போது கணுக்கால் போதுமான அளவு வளைகிறதா? ஒற்றைக் காலில் குதிகாலைப் பலமுறை தூக்கி இறக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் நிற்கிறதா? நடுவுடல் ஆடாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் சில மாதங்கள் காத்திருப்பதால் பிள்ளைக்கு இழப்பு ஏதுமில்லை. தேவையான வலு இல்லாமல் தொடங்கினால் கணுக்காலும் கால்விரல்களும் காயப்படும். முதல் காலணியை இணையத்தில் வாங்காமல், கடைக்குச் சென்று அனுபவமுள்ளவர் காலில் பொருத்திப் பார்த்து வாங்குவது பாதுகாப்பானது.

பரதமும் பாலேயும் சேர்ந்து பயின்றால்

தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் பரதநாட்டியமும் பாலேயும் சேர்த்துப் பயில்கின்றனர். இந்த இரு கலைகளும் சந்தித்த வரலாறு சுவையானது. கலாக்ஷேத்திராவை 1936ல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அதற்கு முன் ரஷ்ய பாலே கலைஞர் ஆனா பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்றவர். சொந்த நாட்டுக் கலையை நாடும்படி அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாதான். கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1977ல் சிங்கப்பூரில் அப்சரஸ் ஆர்ட்ஸ் அமைப்பைத் தொடங்கினார்.

உடலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அரைமண்டியிலும் சரி, பாலேயில் முழங்காலை மடக்கும் பிளியேயிலும் சரி, கால்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் தரையில் திருப்பி வைத்தால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொருவரின் இடுப்பு எலும்பு அமைப்பும் வேறு என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு திருப்பம் வராது.

மற்றொன்று மொத்தச் சுமை. பரதத்தில் தட்டடவு, பாலேயில் குதிப்பு, பள்ளியில் உடற்கல்வி என எல்லாம் ஒரே குதிகாலிலும் ஒரே முழங்காலிலும்தான் இறங்குகின்றன. ஒவ்வோர் ஆசிரியருக்கும் தம் வகுப்பு மட்டுமே தெரியும். வாரத்தின் மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது பெற்றோரின் வேலை. சலங்கை பூசையோ அரங்கேற்றமோ நெருங்கும் மாதங்களில் பாலே ஆசிரியரிடம் சொல்லி அங்கே சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

உணவும் வீட்டில் பேசும் பேச்சும்

வளரவும் வேண்டும், ஆடவும் வேண்டும் என்பதால் இந்த வயதில் பசி கூடுவது இயற்கை. போதிய உணவு இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும், நுண்ணிய எலும்பு முறிவுகள் ஏற்படும், மாதவிடாய் தள்ளிப்போகும். 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் சில மாதங்கள் நின்றுவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். “நடனம் ஆடுகிறவர்களுக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடக்கூடாது.

பால், தயிர், கேழ்வரகு, கீரை, முட்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற வீட்டு உணவுகளே எலும்புக்கு நல்ல துணை. பதின்ம வயதினருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. மாலை வகுப்பு, வீட்டுப்பாடம், துணைப்பாடம் என்று தூக்கம் சுருங்கும்போது காயங்கள் கூடும்.

பூப்பெய்தும் காலத்தில் உடலில் சதை பிடிப்பது வளர்ச்சியின் ஒரு பகுதி. விருந்துகளில் சந்திக்கும் உறவினர்கள் “என்னம்மா, குண்டாகிவிட்டாய்?” என்று விளையாட்டாகக் கேட்பதுண்டு. நாள்தோறும் முழுநீளக் கண்ணாடி முன் நின்று பயிலும் பிள்ளைக்கு அந்தச் சொல் ஆழமாகத் தைக்கும். பெற்றோரே அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

மேடையில் பார்ப்பதும் பயிற்சியே

பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பாலே பயின்றும் ஒரு முழு நிகழ்ச்சியைக் கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வகுப்பில் தனித்தனியாகக் கற்கும் அசைவுகள் ஒரு கதையாக எப்படிச் சேர்கின்றன என்பது மேடையில்தான் புரியும். காயத்தாலோ வளர்ச்சியாலோ குறைவாக ஆட வேண்டிய மாதங்களில் இது இன்னும் பயனுள்ளது. உடல் ஓய்வெடுக்கும்போது கண்ணும் காதும் கற்றுக்கொள்ளும்.

சிங்கப்பூர் பாலே குழு எஸ்பிளனேட் அரங்கம் உள்ளிட்ட இடங்களில் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. 1995ல் தொடங்கிய அதன் ‘பாலே அண்டர் த ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சி ஃபோர்ட் கேனிங் பூங்காவின் புல்வெளியில் நடப்பது. பாய் விரித்து, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்பதால் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது. 18 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட 100 வெள்ளி ‘எஸ்ஜி கல்ச்சர் பாஸ்’ தொகையை, தகுதிபெறும் உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்கு 2028 இறுதி வரை பயன்படுத்தலாம்.

முதன்முறை செல்வோருக்கு சைகோவ்ஸ்கி இசையமைத்த ‘நட்கிராக்கர்’ நல்ல தொடக்கம். கதையை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். பாலேயில் வசனம் கிடையாது என்பதால் கதை தெரியாத பிள்ளை பாதியில் சலித்துவிடும்.

யார் கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதைத் தவிர மற்றவற்றையும் கவனிக்கச் சொல்லலாம். குதித்து இறங்கும்போது சத்தம் கேட்கிறதா? பின்வரிசையில் ஆடுபவர்கள் ஒரே கோட்டில் எப்படி நிற்கிறார்கள்? அசைவு இசையின் எந்த இடத்தில் முடிகிறது?

செலவின்றிப் பார்க்கவும் வழியுண்டு. உலக பாலே தினத்தன்று பல நாட்டுக் குழுக்கள் தங்கள் அன்றாடப் பயிற்சியை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. உலகின் முன்னணிக் கலைஞர்களும் ஒவ்வொரு நாளையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளியேயில்தான் தொடங்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அதில் பார்க்கலாம்.

அடுத்த பருவம் தொடங்கும்முன் பெற்றோர் ஆசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வேகமாக வளரும்போது பயிற்சியை எப்படி மாற்றுவீர்கள்? பாயின்ட் காலணிக்குத் தயார் என்பதை எதை வைத்து முடிவுசெய்வீர்கள்? இவற்றுக்குப் பொறுமையாகவும் தெளிவாகவும் பதில் சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.