ஒட்டுப்பால் மூட்டையும் நன்னடத்தை அலுவலரும்

பேச்சிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 19 வயதுப் பையன் ஒட்டுப்பால் (வெட்டிய மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) மூட்டையோடு பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் நிரூபணமானால் ஜெயில்தான் என்று வீட்டார் பதறுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, களவுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, முதல் தடவை தண்டிக்கப்படுபவர் என்றால் தண்டனை சமூக சேவை. ரப்பர் ஷீட் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் புகுந்து எடுத்திருந்தால் கதை வேறு. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

அப்போதும் ஒரு வழி இருக்கிறது: 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றவாளி என்று முடிவாகும் நாளில் 21 வயது நிரம்பாதவரை நீதிபதி நேராகச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது. முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகும் சிறைதான் என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 21 வயதைத் தாண்டியவர்களையும் இதே சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கலாம்; அது நீதிபதியின் விருப்பம்.

அந்த அறிக்கைதான் இதில் உயிர்நாடி. பையன் பால்வெட்டுக்கு ஒழுங்காகப் போகிறானா, மழையில் வெட்டு நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது, கூட்டாளிகள் யார் என்பதெல்லாம் அலுவலர் விசாரித்து எழுத வேண்டியவை. போலீஸ் குற்றப்பத்திரிகையில் இவற்றுக்கு இடமேது?

அறிக்கை சாதகமாக இருந்தால், மூன்று ஆண்டுக்கு மிகாத நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஜாமீன்தாரர் கட்டாயமில்லை. நிலையான இருப்பிடமோ வழக்கமான தொழிலோ இருந்தால் போதும். பட்டா இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை. நிபந்தனையை முதல் தடவை மீறினால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம் (1958-ல் போட்ட 50 ரூபாய்!), அல்லது பழைய குற்றத்துக்கே தண்டிக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. குடித்துவிட்டு நீதிமன்றம் வருபவர்களைத் திருத்த 1876-ல் ஃபிரடெரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி ஐந்து ஷில்லிங் நன்கொடை கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த நன்னடத்தைப் பணி 1907-ல் சட்டமானது. சென்னை மாகாணம் 1936-ல் தனக்கொரு சட்டம் செய்தபோது பேச்சிப்பாறை திருவிதாங்கூரில் இருந்தது. இங்கிலாந்து இந்தப் பணியின் பெரும்பகுதியை 2014-ல் தனியாரிடம் கொடுத்துப் பார்த்து, 2021-ல் திரும்ப எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இது சிறைத்துறையின் கீழ் வரும் அரசு வேலை. அப்படியே இருப்பதுதான் நல்லது.

குறை வேறிடத்தில். ‘ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போ’ என்ற அவசர யோசனையில் இந்தச் சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனவே, வழக்கில் சிக்கியவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணிக்காரர்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்குச் சட்ட உதவி இலவசம்.