காற்று தாங்கும் ஊர்தி

நுழையும்முன்

பழுதுற்ற உறுப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுதல் எளிய செயல். அவ்வுறுப்பு ஏன் பழுதுற்றது எனக் கண்டறிதலே அறிவின் செயல். மகிழுந்தைக் காற்றால் தாங்கும் அமைப்பில் ஏற்படும் ஒரு பழுதை முன்வைத்து, காரணம் தேடும் முறையை விளக்குகிறது இக்கட்டுரை.

காரைக்காலிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் நெரவி. காவிரிக் கழிமுகத்தின் வண்டல் நிலம், கிழக்கே வங்கக்கடல். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் இங்கே அமைந்துள்ளது. மாட்டுவண்டி சென்ற ஊர்ச்சாலைகளில் இன்று காற்றின்மேல் மிதந்து செல்லும் உயர்வகை மகிழுந்துகளையும் நெடுந்தொலைவுப் பேருந்துகளையும் காணலாம். கடலோர ஈரமும் உப்பும் இரும்பை மட்டுமன்றி, இவ்வூர்திகளைத் தாங்கும் காற்றையும் பாதிக்கின்றன. அது எவ்வாறு எனக் காண்போம்.

காற்று சுமை தாங்கும் முறை

மாறாத வெப்பநிலையில், அடைத்து வைக்கப்பட்ட வளிமத்தின் பருமன் குறைந்தால் அழுத்தம் கூடும். இவ்வுண்மையை இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டு வெளியிட்டார். சாலையின் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது, அதன் மேலுள்ள இரப்பர்க் காற்றுப்பை நசுங்குகிறது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் உயர்ந்து சுமையை மேலே தள்ளுகிறது. எஃகு வில்லும் இதையே செய்கிறது. ஆயினும் வில்லின் தன்மை செய்தபோதே முடிவாகிவிடுகிறது. காற்றுப்பைக்கோ, ஏறும் சுமைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒருவர் அமர்ந்தாலும் ஐவர் அமர்ந்தாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்பது இதனால்தான்.

உறுப்புகளும் பணிகளும்

இவ்வமைப்பின் இதயமாக விளங்குவது காற்றழுத்தி. இதனைப் பணிமனைகளில் 'கம்ப்ரசர்' என்பர். மின்கலத்தின் 12 வோல்ட் மின்சாரத்தால் இயங்கும் சிறு மோட்டார் ஒன்று, உருளைக்குள் உந்துதண்டை மேலும் கீழும் இயக்கிக் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று, ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய உலர்த்தியைக் கடந்து, வால்வுத் தொகுதிக்குச் செல்கிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியே காற்றுப்பைகளை அடைகிறது. சக்கரங்களின் அருகிலுள்ள உயர உணரிகள் வண்டியின் நிலையை அளந்து மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. அப்பெட்டி ஆணையிட, 'ரிலே' எனப்படும் மின்விசை இணைப்பி மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

இக்காற்றழுத்தி ஓய்வின்றி உழைக்கப் படைக்கப்பட்டதன்று. சிறிது நேரம் ஓடி, பின் குளிர வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் கட்டுப்பாட்டுப் பெட்டியே அதனை நிறுத்திவிடும். சற்று நேரம் கழித்து அது மீண்டும் இயங்கினால், அந்நிறுத்தம் பழுதன்று, பாதுகாப்பு. ஆனால் அது ஏன் அவ்வளவு சூடானது என்னும் வினா எஞ்சி நிற்கும்.

நோயும் நோய்முதலும்

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து மருத்துவம் செய்யுமாறு திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. இயந்திரத்திற்கும் அந்நெறி பொருந்தும்.

காலையில் வண்டி ஒருபுறம் தாழ்ந்து நிற்கிறது, காற்றழுத்தி இயங்கவில்லை. உடனே 'காற்றழுத்தி கெட்டுவிட்டது' என முடிவு செய்வது வழக்கம். உண்மையில், பல வேளைகளில் காற்றழுத்தியின் பழுது சங்கிலியின் கடைசிக் கண்ணியே. இரப்பர்ப் பையின் மடிப்பில் முதலில் நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. காற்று மெல்லக் கசிகிறது. இழந்த காற்றை ஈடுசெய்யக் காற்றழுத்தி அடிக்கடி ஓடுகிறது. ஓட்டம் மிகுவதால் சூடு மிகுகிறது. உந்துதண்டின் வளையம் தேய்கிறது. ரிலேயின் தொடுமுனைகள் கருகுகின்றன. இறுதியில் மோட்டார் நின்றுவிடுகிறது. கசிவை விட்டுவிட்டுப் புதிய காற்றழுத்தியைப் பூட்டினால், அதுவும் அதே வழியில் அழியும். பொருளும் போகும், குறையும் தீராது.

ஆய்வின் படிகள்

எந்த ஆய்வுக்கும் முன் பாதுகாப்பு வேண்டும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டி, காற்று வெளியேறிய நொடியில் இறங்கிவிடும். ஆகவே உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்தாமல் வண்டியின் அடியில் செல்லுதல் கூடாது. அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றுவதும் தவறு. மகிழுந்தின் சக்கரத்தில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 2 பார். இவ்வமைப்பின் குழாய்களிலோ அது அதனைப் போல் பல மடங்கு இருக்கக்கூடும். இப்பணியைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும்.

முதற்படி, காண்டல். இரவில் நான்கு சக்கரங்களின் மேலும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், அம்மூலையின் பை, குழாய், இணைப்பு ஆகியவற்றின்மீது ஐயம் கொள்ளலாம். வண்டி தாழாமல் நின்றும், சுமை ஏற்றியபின் உயர மறுத்தால், காற்று வழங்கும் பகுதியை ஆராய வேண்டும்.

இரண்டாம் படி, கேட்டல். வண்டியை இயக்கியதும் காற்றழுத்தியின் ஒலி எழுகிறதா எனச் செவிமடுக்க வேண்டும். ஒலி இல்லையேல் மின்வழியை ஆராய்க. ஒலி இருந்தும் வண்டி உயரவில்லையேல் காற்றுவழியை ஆராய்க. இவ்வொரு வினா, தேடும் இடத்தைப் பெரிதும் சுருக்கிவிடுகிறது.

மூன்றாம் படி, மின்வழி. முதலில் உருகி (ஃபியூஸ்), அடுத்து ரிலே, அதன்பின் மோட்டாரின் இணைப்பு என வரிசையாகச் செல்ல வேண்டும். மோட்டாருக்கு ஆணை செல்லும் நேரத்தில் அதன் முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 20 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் கம்பியில், துருவால் 0.1 ஓம் மின்தடை கூடினாலே 2 வோல்ட் இழப்பு ஏற்படும் என்பதை ஓம் விதி உணர்த்தும். துருவைத் துடைத்தாலே தீரும் குறைக்கு மோட்டாரைக் குற்றம் சொல்லுதல் தகாது. முழு மின்னழுத்தமும் சென்று சேர்ந்தும் சுழலாத மோட்டாரே பழுதுற்ற மோட்டார்.

நான்காம் படி, காற்றுவழி. சக்கரத்தின் துளையைக் கண்டறியப் பஞ்சர் ஒட்டுபவர் நீரைப் பயன்படுத்துவதுபோல, பைகளிலும் இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் எழும். கசிவு எங்கும் இல்லையெனில், காற்றழுத்தியின் வெளிவாயிலில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் முள் உயரவில்லையென்றால், உந்துதண்டின் வளையம் தேய்ந்திருக்கலாம். காற்றை வெளியேற்றும் வால்வு மூடாமல் நிற்கலாம். இந்நிலைக்குப் பிறகே காற்றழுத்தியைப் பழுதுநீக்குவதோ மாற்றுவதோ முறையாகும்.

கடற்காற்றின் ஈரம்

30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ள நாளில் அதில் 24 கிராம் நீராவி இருக்கும். அத்தகைய காற்று 10 கன மீட்டரை ஒரு கன மீட்டருக்குள் அடக்கினால், 240 கிராம் நீர் அதற்குள் சேரும். அக்காற்று பழைய வெப்பநிலைக்குக் குளிர்ந்ததும் 30 கிராம் போக, மீதி 210 கிராமும் நீர்த்துளிகளாகப் பிரியும். இந்நீரைப் பிடித்துவைப்பதே உலர்த்தியின் பணி. காற்றை வெளிவிடும்போது உலர்ந்த காற்று மணிகளின் வழியே திரும்பிச் சென்று ஈரத்தை வெளியேற்றும். கசிவால் காற்றழுத்தி ஓயாது ஓடினால் மணிகள் உலர நேரமின்றி நனைந்து பொடியாகின்றன. பொடி வால்வுகளை அடைக்கிறது. நீர் உள்ளே சென்று துருவை உண்டாக்குகிறது. நெரவி போன்ற கடலோர ஊர்களில் உலர்த்தியைப் பேணுதல் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

காரைக்காலின் ஆட்சியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த நாள் 1954 நவம்பர் 1. அடுத்த ஆண்டு பாரிஸ் மகிழுந்துக் கண்காட்சியில், எண்ணெயும் நைட்ரசன் வளிமமும் இணைந்து தாங்கும் 'சிட்ரோயன் டி.எஸ்.' மகிழுந்து அறிமுகமானது. 1957இல் அமெரிக்காவின் 'காடிலாக் எல்டராடோ புரோகாம்' காற்றுப்பைகளுடன் வெளிவந்தது. கசிவுத் தொல்லையால் அதன் உரிமையாளர் பலர் எஃகுச் சுருள்வில்லுக்கே மாறினர்.

அனைவருக்குமான பயணம்

இவ்வமைப்பு செல்வர்களின் சொகுசுக்கு மட்டும் உரியதன்று. 2024 ஆகஸ்டு மாதம் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றிப் படிப்பக்கமாகச் சாய்ந்து தாழும் ஆற்றலுடையவை. சக்கர நாற்காலியில் வருபவரும் முதியோரும் கருவுற்ற பெண்களும் பிறர் உதவியை எதிர்பாராது ஏறுவதற்கு இது துணைசெய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்தும் தடையற்ற போக்குவரத்து, இங்கே ஒரு காற்றுப்பையின் நலத்தைச் சார்ந்துள்ளது. பை கசிந்து பேருந்து பணிமனையில் நின்றுவிட்டால், ஒருவர் அன்று பணிக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாமல் போகலாம்.

பேருந்தில் நிறுத்தியும் (பிரேக்) காற்றால் இயங்குவதால், கசிவைப் புறக்கணித்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். காற்றுத் தொட்டியில் சேர்ந்த நீரை ஓட்டுநர் தவறாது வடிப்பதும், அழுத்தமானியைப் பார்த்தபின் வண்டியை எடுப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அவற்றை நம்பியே பயணியர் கவலையின்றி உறங்குகின்றனர்.

உறுப்பை மாற்றுபவர் பலர்; காரணத்தைக் கண்டு தீர்ப்பவரே தேர்ந்த தொழிலறிஞர். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவான ஒரு ரிலேயா, பெருந்தொகை விலையுள்ள காற்றழுத்தியா, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பா என்பதைப் பொறுமையும் வரிசைமுறையும் உடையவர் பிரித்தறிவர். கையின் திறனோடு காரணம் தேடும் மனமும் சேரும்போதுதான் தொழில் கலையாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பணிமனைக்குச் சென்று, பழுதைக் கண்டறிய அங்குள்ளோர் பின்பற்றும் படிகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாடுக.

2. வீட்டில் இயங்காத மின்விசிறி ஒன்றின் பழுதைக் கண்டறியும் முறையை, இக்கட்டுரையின் படிகளைப் பின்பற்றி வரிசைப்படுத்தி எழுதுக.