பூங்கா அலங்காரமன்று

பூங்காவினால் என்ன பிரயோஜனம் என்று நகரவாசிகளைக் கேட்டால், காலையில் உலாவலாம், குழந்தைகள் விளையாடலாம், கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். வெயிலின் உக்கிரத்தை மரங்கள் தணிப்பதையும், தெருவில் தேங்க வேண்டிய மழைநீர் அங்கே மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் ஊறுவதையும் சொல்பவர் மிகச் சிலரே. சித்திரை மாத நடுப்பகலில் சிமெண்டுப் பாதையில் வெறுங்காலை வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் புங்கமர நிழலில் மண்மீது நின்று பார்த்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு, ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைக் காட்டிலும் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984-ல் வெளியிட்டார்.

இவ்வளவு இருந்தும், ஜனங்களின் அபிப்பிராயத்தில் பூங்கா ஓர் அலங்காரமாகவே நின்றுவிட்டது. அதனால்தான் அந்த இடத்தில் வேறொரு கட்டடம் எழும்பும்போது, 'அதுவும் நல்ல காரியந்தானே' என்று சும்மா இருந்துவிடுகிறோம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தபோது அப்பகுதிவாசிகள் அவ்வாறு இருந்துவிடவில்லை, வழக்காடினார்கள். மருத்துவமனை எவ்வளவு அவசியமானதாயினும், பொதுஜனங்கள் அனைவருக்கும் உரிய பூங்காவைத் தனியாருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு இல்லையென்றும், அதை எதிர்த்து வழக்கிடும் உரிமை அங்கு வசிப்பவர்களுக்கு உண்டென்றும் உச்சநீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும், 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பது இதுதான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில் நிலத்துக்குப் பதில் பணமாகவும் செலுத்தலாம். அந்தப் பணம் நிழல் தராது என்பதால் இச்சலுகை எனக்கு உவப்பானதன்று.

தரையில் நிழலுக்கு இடமில்லையென்று மாடியில் தோட்டம் போட நினைப்பவர்களும் உண்டு; மாடித்தோட்டத்தின் விஷயம் வேறு. தளம் ஒழுகும் என்று அஞ்சுகிறவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. வேர் வெடிப்பில் நுழைந்து, காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியும் கூரையின் கீழ் படுத்துறங்குகிறவருக்குப் பசுமையின் மகிமை எடுபடாது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரவிதிகள் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிய ஈரமண்ணே அதை மிஞ்சிவிடக்கூடும். ஆகவே தளம் முழுதும் மண் பரப்ப விரும்புவோர் முதலில் கட்டடப் பொறியாளரைக் கலந்து, வேர் துளைக்காத விரிப்பும் தண்ணீர் தங்காத வடிகாலும் அமைக்க வேண்டும். அடுக்குமாடியில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொதுவாதலால், மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். தொட்டிகளையும் பைகளையும் சுவரோரமாக வைத்துப் பயிரிடுவது எளிது.

மீண்டும் பூங்காவுக்கு வருவோம். உங்கள் பேட்டையின் பூங்கா நிலத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் தானப்பத்திரத்தின் நகலையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அந்த நகல்களும், இடத்தின் இன்றைய நிலையைக் காட்டும் புகைப்படமும் கையிலிருந்தால், ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கவும், அதுவும் பலிக்காவிடில் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யவும் வேண்டிய ஆதாரம் சித்தமாகிவிடும். ஆனால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னரே மனுப் போய்ச் சேரவேண்டும்.