சூட்டில் மறையும் மையும் பூத்தையல் வேலையும்

துணியில் ஊசி ஓடுமுன் கோடு ஓட வேண்டும். மாங்காயோ, மயிலோ, கொடியோ, எதுவாயினும் அதன் வடிவத்தை முதலில் வரைந்துகொண்டாலன்றிப் பூத்தையலில் ஒழுங்கு அமைவதில்லை. வேலை முடிந்த பின்னரோ, அக்கோடு இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அழுத்தமான கோடு எளிதில் போவதில்லை. எளிதில் போகும் கோடு வேலை முடியும்வரை நிற்பதில்லை.

காவிரி நாட்டுக் கைவினைஞர் இச்சிக்கலை நெடுங்காலமாகவே அறிவர். கொள்ளிடத்தின் வடபாலுள்ள கோடாலிக் கருப்பூரில் 19-ஆம் நூற்றாண்டு வரை தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினர்க்கென ஒருவகைச் சேலைகள் உருவாயின. சரிகை கலந்து நெய்த துணியில் மெழுகினால் சித்திரம் எழுதிச் சாயம் தோய்ப்பர். பின்னர் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்குவர். பயன் தீர்ந்த கோட்டைச் சூட்டினால் போக்குவது ஆகவே இந்நாட்டுக்குப் புதிதன்று. 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர்க் கலங்காரியும் அம்மரபின் வழிவந்ததே. கலங்காரி ஓவியர் முதற்கோடு இழுப்பதற்குப் புளியங்குச்சியைச் சுட்ட கரியைக் கொள்வது வழக்கம். கரியைத் தட்டினால் உதிர்ந்துவிடும். துவைத்தால் மிச்சமும் போய்விடும்.

ஆரி வேலையில் அவ்வாறு துவைக்க இயலாது. இன்று தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பகுதிகளில் பெண்கள் பலர் மணப்பெண்ணின் பட்டு ரவிக்கைக்குச் சரிகை, சமிக்கி, பாசிமணி வைத்துத் தைத்து வருவாய் ஈட்டுகின்றனர். துணி பிறருடையது, விலையுயர்ந்தது. அதில் ஒரு கறை நின்றுவிட்டால் கூலி போவதோடு, கைப்பணமும் ஈடாகக் கொடுக்க நேரும்.

இவர்கள் கையாளும் பழைய முறை நல்ல முறையே. மெல்லிய தாளில் சித்திரத்தை வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் துணியின்மேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சினால் தேய்ப்பது அது. எண்ணெய் ஆவியாகிவிட, பொடி மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரே தாளை இரு கைகளுக்கும் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆயினும் வாடை சில நாள் நிற்கும். கை பட்டால் பொடி கலைந்தும் போகும். இக்குறைகளைக் கருதியே சூட்டில் மறையும் பேனா தையற்சாமான் கடைகளில் இப்போது விலை போகிறது.

இதன் வரலாறு சுருக்கமானது. நிறம் மாறும் மையை ஜப்பான் நாட்டுப் பைலட் நிறுவனம் 1970-களிலேயே ஆராயத் தொடங்கிற்று. 'ஃபிரிக்ஸியன்' என்னும் பேனா 2006-இல் ஐரோப்பாவிலும், 2007-இல் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. காகிதத்தில் எழுதி, தவறினால் தேய்த்து அழிப்பதற்கென்றே அது ஏற்பட்டது. அதைத் துணிக்குப் பயன்படுத்தியவர்கள் தையற்காரர்களே.

அம்மையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உறைகள் உள்ளன. ஒவ்வோர் உறையிலும் மூன்று பொருள்கள்: தானாக நிறமற்ற ஒரு சாயப்பொருள், அதனைத் தொட்டு நிறம் வரச்செய்யும் மற்றொரு பொருள், இவ்விரண்டினையும் சூட்டுக்கேற்பச் சேர்த்தும் பிரித்தும் வைக்கும் மூன்றாம் பொருள். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்றாவது உருக, முதலிரண்டும் பிரிகின்றன, நிறம் மறைகிறது. மார்கழிக் காலையில் உறையும் தேங்காயெண்ணெய் வெயில் ஏறினால் உருகுவதை நாம் காண்கிறோம். ஆனால் அவ்வெண்ணெய் மறுநாட் காலையில் மீண்டும் உறைந்துவிடும். இம்மையோ அத்தனை எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரை குளிர்ந்தாலன்றி நிறம் தலைகாட்டாது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் முழுமையாகத் திரும்பும்.

இதிலிருந்து அறிய வேண்டுவது ஒன்று. இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தவுடன் மறைவது நிறமேயன்றி மையன்று. மை துணியிலேயே தங்கியிருக்கிறது.

தஞ்சைத் தரணியில் அத்தகைய குளிர் என்றும் வராது. எனவே உள்ளூரில் உடுத்தும் ரவிக்கையில் கோடு மீண்டும் தோன்றுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நம் ஊர்த் தையல் இன்று கடல் கடந்தும் செல்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர் மிகுதியாக வாழ்கின்றனர்; அங்கே சனவரித் திங்களில் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர் இறங்குவதுண்டு. பொட்டலம் ஓரிரவு வெளியே கிடந்தால், திறப்பவர் கண்ணுக்கு நீலக் கோடுகள் தென்படக்கூடும். மீண்டும் இஸ்திரி போட்டால் அவை மறையும் என்பது உண்மைதான். அதனை அவர் எங்ஙனம் அறிவார்? குளிர்நாட்டுக்குச் செல்லும் வேலைக்கு இப்பேனாவைத் தொடவே கூடாதென்பது நம் கருத்து.

சூட்டின் பக்கமும் இடையூறு உண்டு. சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எட்டுவது அரிதன்று. வரைந்த துணியை அதில் வைத்துவிட்டு வந்தால், தைக்க எடுக்கும்போது வெறுந்துணியே கையில் இருக்கும். பாதி வேலையில் சுருக்கம் நீக்க இஸ்திரி போட்டாலும் அதே கதிதான்.

கரும்பச்சை, அரக்கு, கருநீலம் போன்ற அடர்நிறப் பட்டில் சூடு பட்ட பின் வெளிறிய தடம் நிற்பதுண்டு. அவற்றுக்குப் பழைய பொடியே மேல். வெளிர்நிறப் பருத்தியிலும், பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வையிலும், பயிற்சித் துணியிலும் பேனா நன்கு உதவும். அங்கும் மெல்லிய புள்ளிக் கோடே போதும். நூலோ சரிகையோ மேலே மூடிவிடும் இடத்திலேயே அதனை இட வேண்டும். துவைத்தால் மையில் ஒரு பகுதி போகலாம். முழுதும் போய்விடுமென நம்பலாகாது.

சமிக்கியும் மணியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. ஆதலால் தைத்த பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்கலாகாது. தடித்த துண்டின்மேல் துணியைக் கவிழ்த்து, பின்புறமிருந்து மிதமான சூட்டில் ஒற்றி எடுக்க வேண்டும்.

புதிய பேனா ஒன்றை வாங்கியதும், ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டில் நான்கு கோடு இழுத்து, இஸ்திரி போட்டு மறையச் செய்து, ஐஸ்கிரீம் விற்கும் கடைக்காரரிடம் சொல்லி அவருடைய உறைகுளிர்ப் பெட்டியில் ஓரிரவு வைத்தெடுங்கள். அப்பெட்டிகள் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி அளவில் குளிர்வன. காலையில் அத்துண்டில் எத்தனை கோடு திரும்பியிருக்கிறதென்று பார்த்து, அதன் பின்னரே வாடிக்கையாளரின் துணியில் பேனாவை வையுங்கள்.