வலி அறியாத இதயம்

உயிரியல் பாடத்தில் இதயத்தை வரையும்போது, அதன் மேற்பரப்பில் கொடிபோல் படரும் இரு நாடிகளையும் நாம் குறிப்போம். அவையே முடியுரு நாடிகள். உடலெங்கும் குருதியைப் பாய்ச்சும் இதயம், தன் தசைக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெறுவது இவற்றின் மூலமே. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே இவை வலதும் இடதுமாகக் கிளைக்கின்றன.

இந்த அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குப் பிறப்பிலேயே நாடி இடம் மாறியிருக்கும். மிகச் சிலருக்கு ஒரு நாடியே இராது. பலர் இதை அறியாமலே முதுமை வரை வாழ்கிறார்கள். ஆனால், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மரவிச் 1988 ஜனவரியில், தமது 40ஆவது வயதில், விளையாட்டிடையே வீழ்ந்து இறந்தார். அவருக்கு இடது முடியுரு நாடி இல்லையென்பது பிரேத பரிசோதனையிலேயே தெரியவந்தது.

இத்தகைய இதயமொன்று வேறொருவருக்குப் பொருத்தப்பட்டால் என்னவாகும்? இக்கேள்வியே என்னை இதுபற்றித் தேடிப் படிக்க வைத்தது.

1967 டிசம்பர் 3ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் வைத்தியர் கிறிஸ்தியான் பர்னாட் முதன்முதலாக மனித இதயமொன்றை இன்னொருவருக்குப் பொருத்தினார். இலங்கையில் இச்சத்திரசிகிச்சை முதன்முதலில் 2017இல் கண்டியில் நடைபெற்றது. மூளைச்சாவடைந்தவரின் இதயம் சில மணித்தியாலங்களுக்குள் பொருத்தப்பட வேண்டும். கொடையாளர் இளவயதினராயின் முடியுரு நாடிகளைக் காட்டும் அஞ்சியோகிராம் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. எனவே பிறவிக் குறைபாடு பின்னரே வெளிப்படலாம்.

என்னை வியக்கவைத்தது இன்னொன்று. இதயத்தை அகற்றும்போது அதன் நரம்புகளும் அறுபடுகின்றன. ஆகவே, பொருத்தப்பட்ட இதயத்தின் நாடி அடைபட்டாலும் நோயாளிக்குப் பெரும்பாலும் நெஞ்சுவலி தோன்றாது. வலி என்னும் எச்சரிக்கை மணி அங்கே இல்லை. அதனால்தான் சுகமாக இருக்கும்போதும் குறித்த காலத்தில் பரிசோதனை செய்கிறார்கள்.

அப்போது மூவகை மாற்றங்கள் தென்படலாம். ஒன்று, கொடையாளரிடமிருந்து வந்த பிறவிக் குறைபாடு. இரண்டாவது, புதிய இதயத்தை அந்நியமாகக் கருதும் உடலின் எதிர்ப்பால் நாடிச்சுவர் தடித்து ஒடுங்குதல். இதுவே மிகக் கவனிக்கவேண்டியது. மூன்றாவது, பரிசோதனைக்காக இதயத் தசையில் சிறு துண்டெடுக்கும்போது ஏற்படும் நுண்துளையால், நாடிக் குருதி நேரே இதயவறைக்குள் கசிதல். இது பெரும்பாலும் தீங்கற்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஓடும்போதோ விளையாடும்போதோ பிள்ளை மயங்கி வீழ்ந்தால், நெஞ்சு வலிக்கிறதென்றால், "வெயில்தானே, பசிதானே" என்று விட்டுவிடாதீர்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள். நம் இதயத்துக்கு வலியைச் சொல்லத் தெரியும். அது சொல்லும்போது நாம் கேட்கவேண்டும்.